கம்ப்ரசரோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே தையல் யூனிட் தொடங்குவது பற்றி உங்கள் தொழில் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களை எப்படிப் பார்த்து வாங்குவது, கடனுக்கு எங்கே போவது, ஜாப் ஒர்க் எப்படிப் பிடிப்பது என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். காற்றை அழுத்தி டேங்கில் அடைத்துத் தரும் கம்ப்ரசரை மட்டும் ஒற்றை வரியில் கடந்துவிட்டீர்கள். யூனிட் நடத்தும் பெண்களை அதிகம் அலைய வைப்பது அந்த ஒற்றை வரிக்குள் இருக்கும் இயந்திரம்தான். தையல் மெஷின் நின்றால் ஒரு மெஷின்தான் நிற்கும். கம்ப்ரசர் நின்றால் யூனிட்டே நிற்கும்.

திருப்பூர் வேலம்பாளையத்தில் வீட்டின் பின்கட்டில் நான்கு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் ஓவர்லாக்கில் நூல் முனையை வெட்டும் கத்தி காற்றில்தான் இயங்குகிறது. மெஷின்களில் அடையும் பஞ்சை ஊதி எடுப்பதும் காற்றுதான். ஒரு குதிரைத்திறன் மோட்டார், 50 லிட்டர் டேங்க், பெல்ட்டில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசர். எங்கள் வட்டாரத்து வீடுகளில் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பார்க்கிறேன். என் அண்ணன் பஞ்சாலையில் பராமரிப்பு ஃபிட்டராக இருந்தவர். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் காதைக் கொடு என்று அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். இன்று தெருவில் யார் வீட்டுக் கம்ப்ரசர் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போய்ப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் மெக்கானிக்கே தேவைப்படாதவை. அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் எவ்வளவு கூலிப் பணம் வீணாகிறது என்பதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

முதலில், நல்ல நிலையில் இருக்கும் கம்ப்ரசர் எப்படிச் சத்தமிடும் என்று தெரிய வேண்டும். டேங்கில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவைத் தொட்டதும் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தும். நின்ற அந்த நொடியில் ஸ்விட்ச்சின் அடியிலிருந்து "புஸ்" என்று ஒரு சிறு மூச்சு வெளியேறும். பலர் அதைக் கசிவு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அந்தச் சத்தம் வராதபோதுதான். காற்றை அழுத்தும் பிஸ்டன் ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் மிச்சமிருக்கும் காற்றை அன்லோடர் என்ற சிறு வால்வு வெளியே விடுகிறது. குழாய் காலியானால்தான் அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் கிளம்பும். டேங்கிலிருந்து காற்று திரும்பி வராமல் நான்-ரிட்டர்ன் வால்வு தடுத்து நிற்கும். காற்றைச் செலவழித்து அழுத்தம் 6 கிலோவுக்கு இறங்கியதும் மோட்டார் மறுபடி ஓடும். இந்த ஒரு சுற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

எங்கள் பகுதியில் அதிகம் கேட்கும் புகார், "அக்கா, மோட்டார் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது" என்பது. இதற்கு முதல் காரணம் மின்தடை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பிரஷர் ஸ்விட்ச்சுக்கு அது தெரியாது. அன்லோடர் திறக்காது, குழாயில் காற்று அடைபட்டபடியே இருக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் மோட்டார் உறுமும், சூடேறும், ஓவர்லோட் விழும். சுவர் சுவிட்சை அணைத்து நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதிதான். பிரஷர் ஸ்விட்ச்சின் மேல் ஒரு சிறிய நெம்பு அல்லது குமிழ் இருக்கும். கரண்ட் போன உடனே அதை "ஆஃப்" பக்கம் தள்ளுங்கள், "புஸ்" என்று காற்று இறங்கும். கரண்ட் வந்து ஒரு நிமிடம் பொறுத்து "ஆட்டோ" பக்கம் தள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு தங்கை வீட்டில் இது தெரியாமல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய் வைண்டிங் கட்டி வந்தார்கள். வைண்டிங் முடிந்து வந்த மோட்டாரும் உறுமியது. அன்லோடரின் ஊசி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்தப் பணம் அவளுக்கு ஒரு வாரக் கூலி.

நெம்பைத் தள்ளிக் காற்றை இறக்கிய பிறகும் உறுமினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் விரல் போகாமல் கவனமாகச் செய்ய வேண்டும். சக்கரம் இறுகி அசையாவிட்டால் உள்ளே ஏதோ பிடித்திருக்கிறது, அது மெக்கானிக் வேலை. தாராளமாகச் சுற்றினால் குற்றம் மின்சாரத்தின் பக்கம். மோட்டார் முதுகில் இருக்கும் கண்டன்சர் உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். கையால் தொட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வைண்டிங் கூலியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.

சாயங்காலம் மட்டும் உறுமுகிறது என்றால் மின்னழுத்தத்தைச் சோதியுங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் கால்வாசிக்கும் குறைவான குறைச்சல்தானே என்று தோன்றும். ஆனால் மோட்டாரைச் சுற்றிக் கிளப்பும் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180 வோல்ட்டில் அது ஏறக்குறைய 60 சதவீதமாக விழுந்துவிடுகிறது. இதில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் வேறு போட்டால் அந்த ஒயரே இன்னும் சில வோல்ட்டைத் தின்றுவிடும். தூரம் வேண்டுமென்றால் ஒயரை நீட்டாதீர்கள், காற்று ஹோஸை நீட்டுங்கள்.

அடுத்தது நிற்காத "புஸ்". மோட்டார் நின்ற பிறகு அந்த மூச்சு ஓரிரு நொடியில் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், சத்தம் வருவது பிரஷர் ஸ்விட்ச்சில் என்பதால் எல்லோரும் ஸ்விட்ச்சை மாற்றுகிறார்கள். இங்கேதான் காசு தவறான இடத்தில் போகிறது. அன்லோடர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறது. டேங்கின் வாசலில் நிற்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாததால் டேங்குக் காற்று குழாய் வழியே பின்னோக்கி வந்து அன்லோடரில் வெளியேறுகிறது. சோதிப்பது எளிது. மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியதும் சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி நான்-ரிட்டர்ன் வால்வு. மோட்டார் ஓடும்போதும் அதே இடத்தில் காற்று வந்தால் அன்லோடர். புது ஸ்விட்ச் வாங்கிப் போட்டும் சத்தம் நிற்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

நான்-ரிட்டர்ன் வால்வுக்குள் ஒரு சிறிய வட்டும் ஸ்பிரிங்கும்தான் இருக்கின்றன. வட்டின் மேல் கரி படிந்தாலோ பஞ்சுத் துணுக்கு ஒட்டினாலோ சரியாக உட்காராது. பிளக்கைப் பிடுங்கி, டேங்கின் அடியில் தண்ணீரை வெளியேற்ற இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து, டேங்க் முழுவதும் காலியாகி அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்து, காக்கிலிருந்து காற்று வரவே இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்த நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். குழாயும் ஆற வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. வட்டைத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ரப்பர் தேய்ந்திருந்தால் வட்டை மட்டும் மாற்றினால் போதும்.

"ஓடுகிறது, ஆனால் ஏற மாட்டேன் என்கிறது" என்பது மூன்றாவது புகார். இதற்கு நான் எல்லோரிடமும் சொல்வது, கம்ப்ரசர் வாங்கிய அன்றே காலி டேங்கிலிருந்து 8 கிலோ ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துச் சுவரில் எழுதி வையுங்கள் என்பதுதான். அந்த எண் இல்லாமல் "முன்பெல்லாம் சீக்கிரம் ஏறும்" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. நேரம் கூடியிருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்திவிட்டு, ஹோஸுக்குப் போகும் வால்வை மூடி, முள்ளைக் கவனியுங்கள். மூடியிருந்தும் முள் இறங்கினால் கசிவு டேங்கின் பக்கம். திறந்தால் மட்டும் இறங்கினால் ஹோஸ், அதை இணைக்கும் கப்ளர், காற்று ஊதும் ஏர் கன் ஆகியவற்றில் ஒன்று. சோப்பு நுரையைத் தடவினால் இடம் குமிழியாகத் தெரிந்துவிடும். கசிவே இல்லாமல் ஏறத் தாமதமானால் ஃபில்டர் வாயருகே உள்ளங்கையைக் காட்டுங்கள். காற்றை உள்ளே இழுக்க மட்டும் வேண்டும். இழுத்துவிட்டு வெளியேயும் ஊதினால் ஹெட்டுக்குள் இருக்கும் உள்வால்வின் தகடு உடைந்திருக்கிறது அல்லது உட்காரவில்லை. அதைப் பிரிப்பது மெக்கானிக்கின் வேலை, ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்கும். பெல்ட் தொய்ந்தாலும் ஏறாது. நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் கூடாது.

தையல் யூனிட்டுகளுக்கென்றே ஒரு நோய் உண்டு, அது பஞ்சு. மெஷின்களுக்குப் பக்கத்திலேயே கம்ப்ரசரை வைத்தால் பறக்கும் பஞ்சையெல்லாம் ஃபில்டர் இழுத்துக்கொள்ளும். அடைபட்ட ஃபில்டரால் காற்று குறைவதோடு தீமை நிற்பதில்லை. காற்று கிடைக்காத பிஸ்டன் கீழேயிருந்து ரிங்கைத் தாண்டி எண்ணெயை இழுக்கிறது. அந்த எண்ணெய் ஹோஸ் வழியே வந்து வெள்ளை பனியன் மேல் பொட்டாக விழுகிறது. செக்கிங்கில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பீஸ் காசு போய்விடும். ஆகவே கம்ப்ரசர் கூரையுள்ள வெளிவராந்தாவில், சுவரிலிருந்து சற்று தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். ஃபில்டரை வாரம் ஒரு முறை கழற்றித் தட்டுங்கள். எண்ணெய் அளவுக் கண்ணாடியில் உள்ள புள்ளிக்கு மேலே எண்ணெய் ஊற்றாதீர்கள், அதிகம் ஊற்றினாலும் அது காற்றோடுதான் போகும். பைக்குக்கு வாங்கிய எஞ்சின் ஆயிலின் மிச்சத்தையும் ஊற்ற வேண்டாம். கம்ப்ரசருக்கென்றே எண்ணெய் விற்கிறார்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

தண்ணீர் என்றவுடன் என் மனத்தில் இருக்கும் பெரிய கவலைக்கு வந்துவிடுகிறேன். "காற்றடிக்கும் மெஷினில் தண்ணீர் எங்கேயிருந்து வரும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஐப்பசி மழைக்காலத்தில் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்றை 8 கிலோ அழுத்தத்துக்கு அடைத்தால் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குச் சுருங்கும். டேங்கில் ஆறிய பிறகு அந்த இடத்தில் 3 கிராம் நீராவிதான் தங்க முடியும். மீதி 19 கிராமும் தண்ணீராகிறது. ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினால் 100 கிராமுக்கு மேல் தண்ணீர். ஒரு பகுதி காற்றோடு ஹோஸில் போனாலும் மீதி டேங்கின் அடியில்தான் நிற்கும். அடுத்த நாளும் அதன் மேல் சேரும்.

டேங்கின் அடியில் டிரெயின் காக் இருப்பது அதற்காகத்தான். தினமும் வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். வருவது முதலில் நிறமற்ற தண்ணீராக இருக்கும். பழுப்பாக வந்தால் டேங்க் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துருநீர் ஏர் கன்னில் தெறித்தால் வெள்ளைத் துணி பாழாவது ஒருபுறம். இரும்புச் சுவர் வெளியே பெயின்ட் கலையாமல் உள்ளே மெலிந்துகொண்டே போவதுதான் உண்மையான ஆபத்து. வாங்கிய நாள் முதல் அந்தக் காக்கைத் திறக்காத வீடுகள் எங்கள் வட்டாரத்தில் இருக்கின்றன. அதன் பக்கத்திலேயே குழந்தைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

50 லிட்டர் டேங்கில் 8 கிலோ அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்று ஒரே நொடியில் விரிந்தால் வெளிப்படும் ஆற்றல், ஒரு சிமெண்ட் மூட்டையை முப்பது மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றலுக்குச் சமம். ஆகவே இரண்டு விஷயங்களில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. டேங்கில் ஊசித் துளையாகக் கசிவு தெரிந்தால் அந்த டேங்கின் ஆயுள் முடிந்தது. வெல்டிங் வைக்கவே கூடாது, எம்-சீல் பூசவும் கூடாது. துளை விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள தகடும் தாள்போல ஆகியிருக்கும், வெல்டிங்கின் சூடு அதை இன்னும் பலவீனமாக்கும். "அடைத்துத் தருகிறேன்" என்று முன்வரும் பட்டறைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் சுருங்காத பொருள் என்பதால் டேங்க் விரிசல் விட்டாலும் ஒழுகுமே தவிர வெடித்துச் சிதறாது. காற்றடைத்துச் சோதிப்பது ஆளைக் கொல்லும்.

இரண்டாவது விஷயம், அழுத்தம் எல்லை மீறினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு. அதன் வளையத்தை மாதம் ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும், காற்று சீறி வெளியேறி, விட்டவுடன் அடைபட வேண்டும். அது தானாகவே சீறினால் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தத் தவறிவிட்டது என்று எச்சரிக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். "தொல்லை கொடுக்கிறது" என்று அதைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைத்திருந்த ஒரு கம்ப்ரசரைக் கண்ணால் பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதேபோல, காற்று வேகம் போதவில்லை என்று பிரஷர் ஸ்விட்ச்சின் திருகை இறுக்கி 10 கிலோவுக்கு ஏற்றுகிறார்கள். டேங்கில் ஒட்டியுள்ள தகட்டில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் அந்தத் திருகைத் தொடும் உரிமை யாருக்கும் இல்லை.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களுக்கென்றே 31ஆவது பிரிவு எழுதப்பட்டது. பாதுகாப்பான அழுத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை அது தொழிற்சாலை நடத்துகிறவர் மேல் வைத்தது. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் வீட்டுப் பின்கட்டுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. எங்கள் டேங்கைத் தட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. வந்தால் வீட்டு யூனிட்டையே மூட வேண்டிவருமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. நான் கேட்பது அதைவிட எளிதானது.

கம்ப்ரசர் தயாரிப்பில் கோயம்புத்தூர் நாட்டுக்கே பெயர் பெற்ற ஊர். நம் பக்கத்து ஊரில் செய்யப்படும் இயந்திரத்தோடு வரும் கையேட்டை நம் வீட்டுப் பெண்கள் வாசிக்க முடியாமல் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. என் கைக்கு வந்த கையேடுகள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருந்தன. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். தினமும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். நெம்பால் நிறுத்துங்கள். டேங்கில் வெல்டிங் வைக்காதீர்கள். சேஃப்டி வால்வை அடைக்காதீர்கள். இந்த நான்கையும் டேங்கின் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டலாம். டெலிவரி கொடுக்க வரும் பையன் டிரெயின் காக் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டுப் போகலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அந்த ஸ்டிக்கரில் இன்னொன்றுக்கும் இடம் வேண்டும். வேலை முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சை ஏர் கன்னால் ஊதிக்கொள்ளும் பழக்கம் எல்லா யூனிட்டிலும் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் பிடிக்கிறார்கள். அந்த வேகத்தில் காற்று கண்ணைக் கிழிக்கும், செவிப்பறையை உடைக்கும். உடலுக்குள் புகுந்தால் குடலைக் கிழித்து உயிரையே எடுக்கும். விளையாட்டாக இப்படிக் காற்றடித்து உயிர் போன செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. பஞ்சைத் தட்ட ஒரு பிரஷ் போதும். ஏர் கன்னைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

தங்கள் தொழில் பக்கத்தில் அடுத்த முறை வீட்டு யூனிட் பற்றி எழுதும்போது கம்ப்ரசருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்க வேண்டுகிறேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வேலம்பாளையம், திருப்பூர்.